கால் தெரியாத டான்ஸும் கால் தெரிகிற கிரிக்கெட்டும்

டச்சு பே மான்:

முந்தாநாள் இரவு ஒரு டான்ஸ் ஷோவின் இறுதிச் சுற்றுப் பார்த்தேன். எந்தச் சேனல், எந்த ஷோ என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நம் திருகோணமலைக்காரரின் இந்த இணைய இழை முழுக்க அந்தச் சண்டையாகவே போய்விடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெடியன் ஒருவன் ஆடினான். நல்ல ஆட்டக்காரன் என்பது நடுவர் அழுததை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. அவன் காலைத் தூக்கினால் கமெரா நடுவரின் கண்ணுக்குப் போகிறது. அவன் சுழன்றால் அம்மாவின் முந்தானைக்குப் போகிறது. தரையில் சறுக்கி எழும்பினால் மேலே தொங்குகிற லைட்டைக் காட்டுகிறார்கள்.

அடுத்த நாள் யூடியூபில் வந்தது. மகளைப் பக்கத்தில் இருத்தி, ஃபோனில் ஸ்டொப்வொட்சைப் போட்டு, "பெடியனின் கால் தெரிகிற நேரம் மட்டும் ஓட விடு, மறைந்தால் நிறுத்து" என்றேன். இரண்டு தரம் அளந்தோம். இரண்டு நிமிடமும் சொச்சமும் ஆடிய ஆட்டத்தில் கால் தெரிந்தது 31 செக்கன். மிச்சமெல்லாம் முகம், கண்ணீர், கைதட்டு, ஸ்பொன்சர் பெயர்ப் பலகை.

நான் டான்ஸ் படித்தவன் இல்லை. சினிமா, கிரிக்கெட், டான்ஸ் ஷோ மூன்றும் பார்க்கிற சாதாரண ரசிகன். ஆனால் நாற்பது வயது தாண்டிய பிறகு ஒன்று பிடிபட்டது. இந்த மூன்றிலும் எனக்குப் பிடித்ததெல்லாம் கால்தான். அரவிந்த டி சில்வா பிடித்ததும் அதனால். பிரபுதேவா பிடித்ததும் அதனால். சார்பட்டா பரம்பரையில் கதாநாயகனை விட்டுவிட்டு டான்சிங் ரோஸைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்ததும் அதனால். காலைக் காட்டாதவன் எதையோ ஒளிக்கிறான் என்பது என் கட்சி. அடிக்க விரும்புகிறவர்கள் வரிசையில் வரலாம்.

மென்பந்து மன்னன்:

முதல் ஆள் நான்தான் அண்ணை. கால்தான் எல்லாம் என்றால் சேவாக்கை என்ன செய்வீர்கள்? அந்த மனுசன் கிரீஸில் நட்ட மரம் மாதிரி நிற்பார். கால் அசையவே அசையாது. டெஸ்டில் இரண்டு முச்சதம். 2004இல் முல்தானில் 309, 2008இல் சென்னையில் 319. கால் வேலைக்கு மார்க் போடுகிற கோச் யாராவது அவரை ஸ்கூல் டீமில் எடுத்திருப்பாரா? கண்ணும் கையும் போதும் அண்ணை.

டச்சு பே மான்:

தம்பி, சேவாக்கின் கால் அசையாதது உனக்கு எப்படித் தெரியும்? டிவியில் காட்டினார்கள், அதனால் தெரியும். நான் கேட்பது அவ்வளவுதான். அசைகிறதோ இல்லையோ, காட்டு. பிறகு நான் முடிவு செய்கிறேன்.

கிண்ணியா 10:

மான் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கம் உதைபந்துதான் எல்லாம், அதை வைத்தே சொல்கிறேன். 2022 உலகக் கிண்ணத்தில் குரோஷியாவோடு அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது கோல். மெஸ்ஸி வலப்பக்கக் கோட்டோரம் பந்தை எடுத்து, முகமூடி போட்ட குவார்டியோலைக் கூடவே இழுத்துக்கொண்டு போய், நின்று, திரும்பி, மறுபடி ஓடி, உள்ளே அல்வாரெஸுக்குத் தட்டிவிட்டது. அந்த ஓட்டத்தின் நடுவில் ஒரு ரசிகை அழுவதைக் காட்டியிருந்தால் எங்கள் தெருவில் ஒரு டிவியும் மிஞ்சியிருக்காது. பந்து ஓடுகிறபோது மைதானம் முழுக்கத் தெரிய வேண்டும். அழுகை, சிரிப்பு, ரீப்ளே எல்லாம் பந்து வெளியே போன பிறகு. விளையாட்டுக் காட்டுகிறவர்கள் அதை அனேகமாக மீறுவதில்லை. டான்ஸ்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். முகம் காட்ட நேரம் தாராளம். அதனால்தான் கிரிக்கெட்டில் கால் தப்பியது.

உப்புவெளி ரீச்சர்:

வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பரதம் பழக்கியவள். மான் சொல்வதில் பாதி சரி, பாதி பிழை.

அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலில் ஒரு சுலோகம் உண்டு. கை போகிற இடத்துக்குக் கண், கண் போகிற இடத்துக்கு மனம், மனம் போகிற இடத்தில் பாவம், அதாவது உணர்ச்சி; பாவம் உள்ள இடத்தில் ரசம். கவனித்தீர்களா, அதில் கால் இல்லை! அபிநயத்துக்கான பதம் ஆடும்போது ஒரு பிள்ளை கண்ணனைத் தேடுகிறது என்றால் எனக்கு அதன் கண்தான் வேண்டும். அந்த நேரம் கமெரா காலில் நின்றால் நானே எழும்பிப் போய் டிவியை நிறுத்துவேன்.

ஆனால் ஜதி, அதாவது தாளச் சொல்லுக்குக் கால் தட்டுகிற ஆட்டம், என்று வந்துவிட்டால் கதை வேறு. ஜதியை முடித்து வைக்கிற தீர்மானம் போகும்போது முகத்தைக் காட்டுவது, சமையல் காட்டுகிறோம் என்று சமைக்கிற அம்மாவின் தோட்டைக் காட்டுவது மாதிரி. அங்கே முழங்காலை மடித்துப் பாதி இருக்கிற அரைமண்டி இருக்கிறதா, முட்டி இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறதா, தட்டும்போது பாதம் முழுதாகப் படுகிறதா, இதுதான் பார்க்க வேண்டியது. ஆடப் போக அரைமண்டியில் இருந்து மெதுவாக எழும்பிவிடும் பிள்ளைகள் உண்டு. முதல் நிமிடம் அழகாக இருந்து ஆடும், களைத்ததும் ஒவ்வொரு அங்குலமாக உயரும். தன் உடம்பு உயர்வது அதற்கே தெரியாது. முழு உருவம் காட்டினால் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. சத்தம். சதங்கை அணி விழாவில் முன்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கால் தட்டினால் முதலில் பலகைச் சத்தம், அதன் மேலே மணிச் சத்தம். இரண்டும் ஒரே கணத்தில் விழுந்தால் தாளம் சுத்தம். டிவியில் ஒலிப்பதிவு செய்த பாட்டு மட்டும்தான் வருகிறது, காலில் கட்டிய மணி ஊமை. பிள்ளை அரை மாத்திரை பிந்தினாலும் வீட்டில் இருக்கிற உங்களுக்குக் கேட்காது. கால் தெரியாதது பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அது கேட்காததுதான் பெரிய குறை.

டச்சு பே மான்:

ரீச்சர், பாதி தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். சத்தம் என் மண்டையில் வரவே இல்லை.

சீனன்குடா 96:

என் பெயரிலேயே வருடம் இருக்கிறது, அதனால் அரவிந்தவைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

1996 மார்ச் 17, லாகூர். உலகக் கிண்ண இறுதி, பகலிரவு ஆட்டம். எங்கள் வீட்டில் பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. கரண்டை நம்ப முடியாத காலம், அதனால் மாமா தன் லொறி பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். இரண்டு வயரை முதலை வாய் மாதிரியான கிளிப்பில் கடிக்க வைத்து, பெட்டியை யன்னல் பக்கம் திருப்பினால் உள்ளே பத்துப் பேர், வெளியே இருபது பேர். சேனல் ரூபவாஹினி. படத்தில் பனி பெய்துகொண்டே இருக்கும். அன்டெனாவைப் பிடித்துத் திருப்புகிற வேலை எனக்கு. அதனால் ஆஸ்திரேலியா 241 எடுத்ததில் பாதி நான் பார்க்கவில்லை, கூரையில் இருந்து கேட்டேன். அரவிந்த அதில் மூன்று விக்கெட் எடுத்ததும் கேட்டதுதான்.

பிறகு நாங்கள் 23க்கு இரண்டு. ஜயசூரிய போயாச்சு, களுவிதாரண போயாச்சு. அப்போது கூரையில் இருந்து இறங்கிவிட்டேன், இனிப் படம் தெளிவாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அரவிந்த வந்தார். குள்ளமான ஆள், பார்த்தால் பெரிய ஆளாகத் தெரியாது. பனி பெய்கிற அந்தப் படத்தில் முகம் தெரியவில்லை, பந்து தெரியவில்லை. தெரிந்தது வெள்ளையாக ஒரு ஆள் ஒரு அடி முன்னே வருவதும் ஒரு அடி பின்னே போவதும்தான். கலர் உடுப்பு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், எங்கள் பெட்டியில் எல்லாமே சாம்பல். அந்த இரண்டு அடியை வைத்தே மாமா சொல்வார், "இது நாலு", "இது ஒண்டு". பந்து எல்லைக்குப் போக முந்தியே சொல்வார். ஒரு தரமும் பிழைக்கவில்லை என்று சொன்னால் அது புளுகு. இரண்டு தரம் பிழைத்தது.

107, ஆட்டமிழக்கவில்லை. அந்தச் சதத்தைப் பார்த்தோம். வெற்றி ஓட்டத்தைப் பார்க்கவில்லை. பெட்டரி உயிரை விட்டது. படம் நடுவில் ஒரு கோடாகச் சுருங்கி, கோடு புள்ளியாகி, போயே போய்விட்டது. றேடியோவுக்கு ஓடினோம். ரணதுங்க மக்ராவின் பந்தைத் தேர்ட்மேன் பக்கம் தட்டி நாலு எடுத்ததைக் கண்ணால் பார்த்தது பிறகு எத்தனையோ நாள் கழித்துத்தான். அடுத்த நாள் காலை லொறி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளினோம். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதனால் மான், நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. எங்களுக்கு அன்று கால் மட்டும்தான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

மென்பந்து மன்னன்:

96 அண்ணை, இது நல்ல கதை. ஆனால் 2023 ஆசியக் கிண்ண இறுதி என்று ஒன்றும் நடந்தது. கொழும்பில் இந்தியாவோடு நாங்கள் 50 ஓட்டத்துக்கு எல்லாரும் அவுட், சிராஜ் 21க்கு 6. கலரில், எச்டியில், ஒவ்வொரு காலும் பளிச்சென்று தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

சீனன்குடா 96:

தம்பி, அன்று நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் நாலு விக்கெட் போயிருந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்களோடு நான் கதைப்பதில்லை.

டச்சு பே மான்:

சரி, சினிமாவுக்கு வருகிறேன். ரோஸைப் பற்றி எழுதாமல் விட்டால் இரவு நித்திரை வராது.

சார்பட்டா 2021 ஜூலையில் தியேட்டருக்கு வராமல் நேராக அமேசானில் வந்தது. எழுபதுகளின் வட சென்னை, குத்துச்சண்டைப் பரம்பரைகள், பா. ரஞ்சித். நான் ஃபோனில் பார்த்தேன், போர்வைக்குள். கபிலனாக ஆர்யா உடம்பை எப்படி ஏற்றினார் என்றுதான் அப்போது எல்லோரும் பேசினார்கள். பிறகு டான்சிங் ரோஸாக ஷபீர் வந்தார். நாடகத்தில் இருந்து வந்த நடிகர். கையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு, தோளைக் குலுக்கி, ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டு, மேடைக்கு வந்ததே ஒரு டான்ஸ். அந்தச் சண்டையில் கமெரா ஓரளவு தள்ளி நிற்கிறது. அவர் பாதம் எங்கே என்று எப்போதும் தெரிகிறது. அதனால்தான் குத்து எங்கிருந்து வரும் என்று தெரியாத பயம் எனக்கும் வந்தது. முகத்தை மட்டும் காட்டியிருந்தால் ஒரு கோமாளி சிரிக்கிறான் என்று போயிருப்பேன்.

பிரபுதேவா பற்றி ஒன்று. காதலன் படத்து முக்காபுலா பாட்டின் கடைசியில் தலை, கை, கால் எல்லாம் மறைந்து உடுப்பு மட்டும் ஆடுமே? 1994இல் அதைப் பார்த்து வாய் பிளந்தேன். இப்போது யோசித்தால் வேறு விதமாகப் படுகிறது. காலே இல்லாத இடத்தில் அவருடைய கால் தெரிந்தது! மூன்று நிமிடம் காலை நன்றாகக் காட்டிய பிறகு அதை மறைத்தால், நம் கண் தானே போட்டுக்கொள்கிறது. முதலில் காட்டாமல் மறைத்தால் ஒன்றும் இல்லை.

உப்புவெளி ரீச்சர்:

இவ்வளவு தூரம் வந்துவிட்டு வஞ்சிக்கோட்டை வாலிபனைச் சொல்லாமல் விட்டீர்களே. 1958. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் பாட்டு. இன்றைக்கு எந்த டான்ஸ் ஷோவில் இரண்டு பேரை எதிரெதிரே விட்டாலும் அதற்கு ஆதி அந்தப் பாட்டுத்தான். நடுவிலே பி. எஸ். வீரப்பா போட்டியை மெச்சிச் சொல்லும் வசனம் பழமொழியே ஆகிவிட்டது. ஒன்று கவனியுங்கள், நடுவர் மாதிரி அவர் ஒரே ஒரு வரிதான் சொன்னார். இப்போதைய நடுவர்கள் ஆட்டத்தை விட அதிக நேரம் கதைக்கிறார்கள்.

சலங்கை ஒலியில் கமல் குடித்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் ஆடும் இடமும் அப்படித்தான். காலைக் காட்டாவிட்டால் அந்தக் காட்சியே கிடையாது. ஒரு அடி பிழைத்தால் ஆள் உள்ளே. 1983இல் அதைப் பார்த்து என் அம்மா கதிரையின் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம்.

மென்பந்து மன்னன்:

இப்போது நான் கொஞ்சம் உண்மை பேசுகிறேன், அடிக்காதீர்கள். நான் கலியாண வீடியோ, பூப்புனித நீராட்டு வீடியோ எடிட் பண்ணிச் சாப்பிடுகிறவன். உங்கள் 31 செக்கனுக்குக் காரணம் யாரும் கெட்டவன் என்பது இல்லை.

முதல் காரணம் ஃபோன். இந்த ஷோக்களைப் பாதிப் பேருக்கு மேல் பஸ்ஸில் இருந்து, கட்டிலில் படுத்து, உள்ளங்கை அளவுத் திரையில் பார்க்கிறார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் வெட்டுகிறோம். முழு உருவம் வைத்தால் ஆடுகிற பிள்ளை பெருவிரல் நகம் அளவுதான் தெரியும். முகம் வைத்தால் தெரியும். அதிலும் நெட்டுக்குத்தாக ரீல் வெட்ட வேண்டும் என்றால் குழு நடனம் சரிவராது. எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் உள்ளே வருவார்கள்.

இரண்டாவது, தரை. இப்போது மேடைத் தரையே லைட் போட்ட எல்ஈடி. ஆடுகிறவரின் நிழல், நிறம், நெருப்பு எல்லாம் அதில் ஓடும். தள்ளி நின்று எடுத்தால் கால் அந்த வெளிச்சத்துக்குள் கரைந்துவிடும்.

மூன்றாவது எங்கள் தொழில் இரகசியம். ஆட்டத்தில் பிழை வந்தால் எங்கே வெட்டுவோம் தெரியுமா? முகத்துக்கு. கலியாண வீட்டில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது முடிச்சு வராமல் தடுமாறினால் நான் மாமியாரின் சிரிப்பைப் போடுவேன். மாமியார் அந்த நேரம் சிரித்தாரா, சாப்பாட்டுப் பந்தியில் சிரித்தாரா என்று யாருக்குத் தெரியும்?

அதற்காக எல்லாப் படத்தையும் வெட்டுக்காரர் காப்பாற்றுகிறார் என்று இல்லை. லப்பர் பந்து என்ற கிரிக்கெட் படத்தைப் பாருங்கள், 2024இல் வந்தது. தினேஷ் அடிக்கிறார் என்றால் அடிக்கிறார், ஹரிஷ் கல்யாண் எறிகிறார் என்றால் எறிகிறார், நம்ப முடிந்தது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மென்பந்துச் சுற்றுப்போட்டி பார்க்கிற மாதிரியே இருந்தது. பவுண்டரிக் கோட்டில் சுண்ணாம்பு, ஓரத்தில் மைக் பிடித்து அறுக்கிற அறிவிப்பாளர், நம் ஊரில் நிஜ மான் மைதானத்துக்குள் வந்தால் ஆட்டம் நிற்கும். அது ஒன்றுதான் அவர்கள் ஊரில் இல்லை.

டச்சு பே மான்:

மாமியார் சிரிப்பு! இனி எந்தக் கலியாண வீடியோவையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. அப்போது என் முதல் வரி சரிதானே, காலைக் காட்டாதவன் எதையோ ஒளிக்கிறான்.

மென்பந்து மன்னன்:

ஒளிக்கிறவன் நான். ஆடுகிற பிள்ளை இல்லை.

வலைப்பந்து அக்கா:

ஆண்கள் எல்லாரும் கிரிக்கெட், உதைபந்து என்று போகிறீர்கள். கால் பற்றிய இழையில் வலைப்பந்து (நெட்போல்) வராவிட்டால் எப்படி? எங்கள் விளையாட்டில் கால்தான் சட்டம். பந்தைப் பிடித்தால் முதலில் தரையில் பட்ட கால் இருக்கிறதே, அதைத் தூக்கலாம், ஆனால் பந்து கையை விட்டுப் போகுமுன் மறுபடி வைக்க முடியாது. வைத்தால் விசில். மூன்று செக்கனுக்குள் பந்தை விடவும் வேண்டும். ஓடி வந்து, பாய்ந்து பிடித்து, உடம்பு முழுக்க முன்னே போக, ஒற்றைக் காலில் நின்று யோசிக்கிற அந்த மூன்று செக்கனை டிவியில் நெருங்கிக் காட்டியதை நான் கண்டதே இல்லை.

தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 208 சென்ரிமீற்றர் உயரம். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் எடுத்தபோது அவர்தான் வளையத்துக்குக் கீழே. எல்லோரும் உயரத்தைச் சொல்வார்கள். உயரம் யாருக்கும் பிறப்பில் வரும். இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்க, பாதத்தைப் பதித்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பது பழகி வருவது. சேவாக் கதை சொன்ன தம்பிக்கு இதுவும் ஒரு பதில். அசையாத காலும் கால் வேலைதான்.

மென்பந்து மன்னன்:

அக்கா, இதை முதலே சொல்லியிருந்தால் நான் சேவாக்கை இழுத்திருக்கவே மாட்டேன்.

ஸ்கார்பரோ குளிர்:

இங்கே மைனஸ் பதினொன்று, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறேன், கையுறையோடு தட்டுகிறேன், எழுத்துப் பிழை பொறுக்கவும்.

டான்ஸ் ஷோ என்றால் எனக்கு மானாட மயிலாடதான். 2007இல் தொடங்கியபோது கலா மாஸ்டர் சொன்ன "கெமிஸ்ட்ரி" எங்கள் வீட்டில் அம்மா சாம்பாருக்கும் சொல்லுவா. பருப்புக்கும் புளிக்கும் கெமிஸ்ட்ரி இல்லை என்பா.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நம் ஊர் நவராத்திரிக் கும்பத்தை யாரும் சொல்லவில்லையே? பத்து வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தது. தலையில் ஆள் உயரத்துக்குக் கட்டிய கும்பம், வேப்பிலை, பூ. அதைத் தூக்கினவரின் முகம் வேப்பிலைக்குள் போய்விடும், எங்கள் தெருக்காரர்தானா என்று கூடத் தெரியாது. எல்லோரும் கும்பத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தோளில் இருந்தபடியால் கீழே குனிந்து பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றின தெரு, சேற்றில் வெறுங்கால். இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே, பிறகு உடுக்குச் சத்தம் ஏற ஏற நின்ற இடத்திலேயே ஒரு நடுக்கம். மேலே அவ்வளவு பாரம், அது ஒரு சாண் கூடச் சாயவில்லை. பெருவிரல் மட்டும் மண்ணைக் கவ்விக்கொண்டு இருந்தது. அந்தப் பெருவிரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கு எந்த நடுவரும் மார்க் போடவில்லை.

கிரிக்கெட் முத்தையா முரளிதரனின் கதை, 800 படம் பார்த்தீர்களா யாராவது? 2023இல் வந்தது. மதுர் மிட்டல் அந்தக் கண்ணையும் மணிக்கட்டையும் கொண்டுவர என்ன பாடுபட்டிருப்பார் என்றுதான் முழு நேரமும் யோசித்தேன். விஜய் சேதுபதி நடிக்க இருந்து விலகிய கதை வேறு...

சீனன்குடா 96:

குளிர், கும்பத்தோடு நிறுத்துவோம். அந்தப் படத்தைத் தொட்டால் நாளைக் காலை இந்த இழை பூட்டப்பட்டிருக்கும், நானும் நீயும் கதைக்காமல் இருப்போம். முன்பு ஒரு இழையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முரளியின் கடைசிப் பந்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2010 ஜூலை 22, காலி. ஓஜா அடிக்க, ஸ்லிப்பில் மஹேல பிடிக்க, எண்ணூறாவது விக்கெட். டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்தே அதுதான். இப்படிக் கதை எழுதிக் கொண்டுபோனால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார்.

கிண்ணியா 10:

கும்பம் பற்றி வாசித்து ரோமம் சிலிர்த்தது. எங்கள் வாப்பா திருமலை டவுனில் கடை வைத்திருந்த காலத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, போட்டில் ஏறித்தான் வர வேண்டும். திரும்பிப் போக போட் இல்லாமல் கடையிலேயே படுத்தோம். இரவு முழுக்கச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரீச்சர் சொன்ன மாதிரி, பார்க்காமல் கேட்டது.

டச்சு பே மான்:

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன். இழை இன்னும் திறந்திருக்கிறது, நல்லது.

நேற்று மகளின் பள்ளிக்கூடம் வலய மட்டத் தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் போனது. குழு நடனம், எட்டுப் பிள்ளைகள். வீடியோ எடுக்கிற பொறுப்பை மனைவி என்னிடம் தந்தார். உங்களோடு இவ்வளவு வாய் அடித்த பிறகு நான் முகத்துக்குப் போவேனா? முழு உருவம், ஒரே ஷொட், நடுவில் ஒரு வெட்டும் இல்லை என்று சபதம். முன்வரிசையில் ஒரு கதிரை பிடித்து, ஃபோனை முழங்காலில் ஊன்றி, ஆறு நிமிடம் மூச்சு விடாமல் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், முழங்கால் கொஞ்சம் சரிந்திருக்கிறது. முதல் இருபது செக்கன் முழு உருவம். அதற்குப் பிறகு ஐந்து நிமிடமும் நாற்பது செக்கனும் இடுப்புக்குக் கீழேதான். ஒரு முகம் இல்லை. எட்டுச் சோடிக் கால், ஒரே மாதிரிப் பச்சைக் கரை, ஒரே மாதிரிச் செம்பஞ்சு. மனைவி இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில எது எங்கட பிள்ளையின்ட கால்?" எனக்குத் தெரியவில்லை. நடுவில் இடம் மாறுகிறார்கள், அதோடு விட்டுவிட்டேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். சொல்லமாட்டாளாம், நானே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

ஒரு பிள்ளையின் முகமும் இல்லாத பகுதியாகப் பார்த்து, மனைவியின் அனுமதியோடு, நாற்பது செக்கன் இதில் இணைத்திருக்கிறேன். மென்பந்து, இதை ஏதாவது செய்ய முடியுமா?

மென்பந்து மன்னன்:

அண்ணை, நான் மாமியார் சிரிப்பைப் போட்டுத் தரலாம். வேறு வழி இல்லை.

வலைப்பந்து அக்கா:

சிரித்து வயிறு நோகிறது. இரண்டாம் இடம் வந்ததா, மூன்றாம் இடமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

டச்சு பே மான்:

இரண்டாம் இடம். மாகாணத்துக்குப் போக முடியாது, முதலாம் இடம்தான் போகும். அதனாலும்தான் கதவு சாத்தியிருக்கிறது.

உப்புவெளி ரீச்சர்:

நாலு தரம் பார்த்தேன். பிள்ளைகள் நல்லாகப் பழகியிருக்கிறார்கள், முதல் இரண்டு பேருக்கும் அரைமண்டி அழகு. உங்கள் மகள் இடப்பக்கமிருந்து மூன்றாவது என்று நினைக்கிறேன். 18ஆவது செக்கனில் இருந்து இடது காலை மட்டும் பாருங்கள். தட்டும்போது குதி முதலில் விழுகிறது, பாதம் பிறகு. சதங்கைக் கட்டுத் தளர்ந்து கணுக்காலுக்கு இறங்கியிருக்கிறது, அது வழுகிவிடும் என்ற பயத்தில்தான் பிள்ளை அப்படி வைக்கிறாள். ஆனாலும் தாளம் விடவில்லை, கெட்டிக்காரி. அடுத்த முறை பட்டியை இன்னொரு ஓட்டைக்குள் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

டச்சு பே மான்:

ரீச்சர், கதவுக்கு வெளியே நின்று இதை வாசித்தேன். கதவு திறந்தது. இடது கணுக்காலில் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறாள்.

உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தனை பேரில் அவள்தான் என்று?

உப்புவெளி ரீச்சர்:

மற்ற ஏழு பேரும் ஆடி முடிந்ததும் நேரே நிற்கிறார்கள். ஒரு சோடிக் கால் மட்டும் முன்வரிசைப் பக்கம், ஃபோன் இருக்கிற பக்கம், திரும்பி நிற்கிறது.